லேனியர் ஏரிக்குக் கேம்பிங் கிளம்பும் அட்லாண்டா தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்மிங், ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும், கோடையில் ஏரிக்கரை முகாமுக்கு ஆள் திரட்டும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் போடும் வாட்ஸாப் பட்டியலில் எதுவும் விடுபடாது. புளியோதரை எந்த வீடு, தயிர்சாதம் எந்த வீடு, அடுப்பு யாரிடம், கரி யார் வாங்குவது, எல்லாம் இருக்கும். லைஃப் ஜாக்கெட் என்ற வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது. அதைச் சேர்க்கச் சொல்லத்தான் இந்த மடல்.

லேனியர், நம்மூர் ஏரி மாதிரி கரையிலிருந்து மெல்ல ஆழமாகிக்கொண்டு போகும் நீர்நிலை அல்ல. 1950களில் சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே பியூஃபர்ட் அணையைக் கட்டி, ஒரு பள்ளத்தாக்கையே மூழ்கடித்து உண்டாக்கிய நீர்த்தேக்கம். அந்தக் குன்றுச் சரிவுகள் இன்றும் தண்ணீருக்கடியில் அப்படியே இருக்கின்றன. முழங்கால் ஆழத்தில் நிற்கிற பிள்ளைக்கு அடுத்த இரண்டு எட்டில் தரை இல்லாமல் போகலாம். செம்மண் கலங்கலில் அடி தெரியாது. நீர்மட்டமும் நிலையாக இருப்பதில்லை. ஏரி நிரம்பினால் கடல்மட்டத்துக்கு மேல் 1,071 அடி. மழையையும் அணைத் திறப்பையும் பொறுத்து ஏறும், இறங்கும். போன வருஷம் இடுப்பளவு இருந்த இடத்தை நம்பி இந்த வருஷம் இறங்காதீர்கள்.

ராணுவப் பொறியாளர் படை நடத்தும் பூங்காக்களின் நீச்சல் கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. மிதவைகள் கட்டியிருப்பது படகுகள் உள்ளே வராமல் இருக்க. அதற்குள் எல்லாம் ஆழமில்லை என்று அர்த்தமில்லை.

ஆகவே நீச்சல் தெரியாத எவரும், பெரியவர்கள் உட்பட, படகில் ஏறாமல் கரையோரம் காலை நனைப்பதாக இருந்தாலும் ஜாக்கெட் போடட்டும். வயதைப் பார்த்து வாங்காதீர்கள், எடையைப் பாருங்கள். 30 பவுண்டுக்குக் கீழே கைக்குழந்தை அளவு, 30 முதல் 50 வரை சிறுவர் அளவு, 50 முதல் 90 வரை வளர்ந்த பிள்ளைகளுக்கான ‘யூத்’ அளவு, அதற்கு மேல் பெரியவர் அளவு. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஒப்புதல் உள்புறச் சீட்டில் அச்சாகியிருக்கும். போட்டுவிட்டபின் பிள்ளையைக் கைகளைத் தூக்கச் சொல்லி, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் ஏறி வந்து காதை மறைத்தால் பெரிது. தண்ணீரில் பிள்ளை அடியில் நழுவி, ஜாக்கெட் மட்டும் மிதக்கும். சின்னக் குழந்தைக்குக் கால்களுக்கிடையே வரும் பட்டை கட்டாயம். வளர்வான் என்று ஒரு அளவு கூட்டி வாங்கும் நம் வழக்கம் சட்டைக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

காற்றடைத்த அன்னமும் கைவளையங்களும் ஜாக்கெட்டுக்கு ஈடாகாது. கரையிலிருந்து காற்று வீசினால் மிதவை நடு ஏரிக்குப் போகும். பந்தும் அப்படித்தான். அதை எடுக்கப் போகிறவர்தான் முதலில் மூழ்குவார். அவரைக் காப்பாற்ற இறங்குகிறவர் இரண்டாமவர். ஜீன்ஸும் சல்வாரும் நனைந்தால் காலை அசைக்கவிடாது. பந்து போனால் போகட்டும். ஆள் தத்தளித்தால் கழியை நீட்டுங்கள், கயிற்றை வீசுங்கள், ஒன்றும் இல்லாவிட்டால் மூடிய கூலர் பெட்டியைத் தள்ளிவிடுங்கள், அது மிதக்கும். வெறுங்கையோடு யாரும் இறங்க வேண்டாம். 15 மீட்டர் மிதக்கும் கயிறு ஒன்று கரையிலேயே இருக்கட்டும்.

மூழ்குகிறவர் கத்தமாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், அவ்வளவுதான். இருபது பெரியவர்கள் கரையில் இருந்தும் தெரியாமல் போவது இதனால்தான். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். 20 நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். அவர் கையில் போனோ தட்டோ இருக்கக் கூடாது.

போன்டூன் படகு (மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் கொண்டது) எடுத்தால், ஓடும்போது 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஜாக்கெட் அணிவது ஜார்ஜியா மாநிலச் சட்டம். 1998 ஜனவரி 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர் இயந்திரப் படகு ஓட்ட, படகுப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். முன்பக்க விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்காரவிடாதீர்கள்; வேகம் சட்டென்று குறைந்தால் விழுகிற இடம் படகுக்கு அடியில், சுழலும் விசிறிக்கு நேராக. படகுத் துறைகளையொட்டி நீந்தவும் வேண்டாம். துறையின் மின்கம்பியில் பழுதிருந்தால் மின்சாரம் தண்ணீரில் கசியும், நன்னீரில் அது மனித உடலைத்தான் வழியாக எடுத்துக்கொள்ளும்.

அணைக்குக் கீழே ஆற்றில் விளையாடப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே வருவது ஏரியின் அடித்தண்ணீர், ஆகஸ்டிலும் நடுக்கும். திறந்துவிட்டால் சில நிமிடங்களில் அடிக்கணக்கில் ஏறும். சைரன் கேட்டதும் பாத்திரம் பண்டத்தை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். அணை முதல் நெடுஞ்சாலை 20 பாலம் வரை ஆற்றில் இறங்கும் எல்லாருக்கும் ஜாக்கெட் கட்டாயம்.

டென்ட் பற்றிச் சுருக்கமாக. சரளை மேடையில் பிளாஸ்டிக் முளை வளையும். 10 அங்குல எஃகு முளை எடுத்துப் போங்கள். அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை உள்ளே இழுக்கும், மடித்துவிடுங்கள். மழைக்குப் பயந்து கரி அடுப்பை உள்ளே வைக்காதீர்கள். அதன் நச்சுவாயுவுக்கு மணமில்லை. தேங்காய்ச் சட்னி வெயிலில் ஒரு மணி நேரம் தாங்காது, பனிக்கட்டியோடு இருக்கட்டும். இரவு 10 மணிக்குப் பாட்டை நிறுத்துங்கள், பக்கத்து டென்டில் கைக்குழந்தை இருக்கும்.

இந்த ஏரியின் கரை நீளம் 692 மைல். 911ஐ அழைத்து “லேனியரில் இருக்கிறோம்” என்றால் அவர்களால் வந்து சேர முடியாது. பூங்காவின் பெயரையும் சைட் எண்ணையும் (உங்கள் டென்ட் இடத்தின் எண்) போய் இறங்கியதும் குழுவில் பதிந்து மேலே பொருத்திவையுங்கள், வேறெந்தச் செய்தியும் அதைக் கீழே தள்ளாதபடி. அதற்கடுத்து ஒவ்வொரு பிள்ளையின் பெயர், எடை, ஜாக்கெட் அளவு. அதன்பின் புளியோதரை.

அன்புடன்,
அதே கரையில் டென்ட் போடும் தமிழர்கள் சிலர்