பாட்டிலை எண்ணுகிறீர்கள், ஆளையும் எண்ணுங்கள்

வெள்ளியங்கிரி மலைப் பாதையின் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

காடு ஒருவர் கையில், கோயில் ஒருவர் கையில், ஆம்புலன்ஸ் இன்னொருவர் கையில் என்று கேள்விப்படுகிறேன். எது யாருடைய வேலை என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு எனக்கு விவரம் போதாது. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். "இது எங்கள் வேலை இல்லை" என்று யாரும் மடித்து வைத்துவிட வேண்டாம்.

மலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு மலை, ஒரே பாதை. ஏறுகிறவனும் இறங்குகிறவனும் அதே படியில்தான் கால் வைக்க வேண்டும். மாசி பிறந்தால் கூட்டம் தொடங்கும், சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் உச்சத்துக்குப் போகும். 2024-இல் மூச்சுத்திணறலிலும் மாரடைப்பிலும் ஒருவர் பின் ஒருவராக இறந்தபோது பத்திரிகைகள் என்ன எழுதின என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் இருபத்திரண்டு வருடமாக ஏறுகிறேன். முதல் தடவை அப்பாவோடு போனேன். அப்போதெல்லாம் இரவில் எதிரே ஒரு வெளிச்சம் தெரிந்தால் "சிவ சிவா" என்று குரல் கொடுப்போம், அங்கிருந்தும் பதில் வரும். இப்போது எதிரே தெரிவது ஒரு வெளிச்சம் இல்லை, வெளிச்சத்தால் ஆன ஒரு கயிறு. அடிவாரத்திலிருந்து மலை உச்சி வரை அறுபடாமல் நீள்கிறது. தூரத்திலிருந்து போட்டோ எடுக்க அழகாகத்தான் இருக்கும்.

இந்த வருடம் சித்ரா பௌர்ணமி இரவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

நானும் என் மச்சானும் அவர் மகனும் மாலையில் ஏறத் தொடங்கி, நள்ளிரவுக்கு மேல் சாமி கும்பிட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். மூன்றாவது மலையில், கைதட்டிச் சுனைக்குச் சற்றுக் கீழே, அறுபதைத் தாண்டிய ஒருவர் படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மகன் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தான். மணி மூன்று இருக்கும், குளிரும் நேரம். ஆனால் அவர் நெற்றியில் வியர்வை உருண்டு ஓடியது. இடது கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, வாயுப் பிடிப்பு" என்று எங்களுக்கே ஆறுதல் சொன்னார். வாயுப் பிடிப்பு இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். எப்படியோ கீழே தகவல் சொல்லியாயிற்று. ஆளைக் கம்பில் கட்டித் தோளில் சுமக்கும் டோலி வருகிறது என்றார்கள். காத்திருக்க மனமில்லாமல், இரண்டு மூங்கில் தடிகளில் வேட்டியைக் கட்டி அவரைப் படுக்க வைத்துத் தூக்கினோம். ஐந்தாறு பேர் சேர்ந்துகொண்டார்கள். தூக்குவது பெரிய பாடாக இல்லை. இறங்க வழி இல்லை என்பதுதான் பாடு.

சூரிய உதயத்தை உச்சியில் பார்க்க வேண்டும் என்று கிளம்பிய கூட்டம் முழுவதும் அந்த நேரத்தில்தான் மேலே வந்துகொண்டிருந்தது. படியின் அகலம் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. "வழி விடுங்க" என்று கத்தினால் முன்னால் இருப்பவர் ஒதுங்கப் பார்க்கிறார், அவருக்குப் பின்னால் இருப்பவர் இடம் கிடைத்தது என்று முன்னேறி வந்து நிற்கிறார். நாங்கள் நான்கு படி இறங்குவோம், நிற்போம். அவரைக் கீழே வைக்க இடமில்லை, தோளிலேயே வைத்துக்கொண்டு நிற்போம். ஒரு தம்பி கையில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டபடி வந்தான். எனக்கு அவனை அறையலாம் என்று தோன்றியது. வேட்டிக்குள் ஆள் இருப்பதைப் பார்த்ததும் சட்டென்று பாட்டை நிறுத்தினான். அப்புறம் மேலே ஏறுவதையே விட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்து, "ஆளுக்கு முடியலைங்க, ஒதுங்குங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தான். உச்சிக்கு அவன் போகவே இல்லை. பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

கீழேயிருந்து டோலியோடு கிளம்பிய நான்கு பேர் எங்களைச் சந்தித்தது முதல் மலை முடிகிற இடத்தில், வெள்ளைப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில். அவர்கள் மெதுவாக வரவில்லை. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்கள், நமக்கு ஒரு மணி நேரம் ஆகிற ஏற்றத்தை அதில் பாதியில் ஏறுகிறவர்கள். கூட்டத்துக்குள் நீளமான டோலிக் கம்பைத் திருப்ப முடியாமல் படிக்குப் படி நின்று நின்று வந்திருக்கிறார்கள். வழக்கமாக முக்கால் மணி நேரத்தில் நான் இறங்கும் தூரம் அது. அன்றைக்கு இரண்டேகால் மணி நேரம் ஆனது.

அவர் பிழைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மகன் போன் செய்து சொன்னான், ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களாம். சந்தோஷம். பிழைத்துவிட்டதால் அவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார், செய்தியிலும் வரமாட்டார். இதற்காகத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

இனி என் கோரிக்கை. ஏறுகிறவர்களை எண்ணி அனுப்புங்கள். இடைவெளி விட்டு அனுப்புங்கள். இவ்வளவுதான்.

அடிவாரத்தில் நான் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், முன்பணம் வாங்கினார்கள், பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தால் பணம் வாபஸ் என்றார்கள். நல்ல ஏற்பாடு, மனதாரப் பாராட்டுகிறேன். காட்டில் முன்பு கிடந்த குப்பையைப் பார்த்தவன் நான். ஆனால் பாட்டிலைப் பிடித்திருந்த என்னை யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. நான் கீழே வந்து சேராவிட்டால், பாட்டில் வரவில்லை என்று மட்டும் தெரிந்திருக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காரில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள், உயர் நீதிமன்றமே சொல்லிக் கொண்டுவந்த முறை. ஏ.சி. போட்டுக்கொண்டு காரில் போகிறவருக்குச் சீட்டு வேண்டும். தூக்கமில்லாமல் வெறுங்காலோடு ஆறாயிரம் அடி உயரத்துக்கு நடக்கிறவருக்கு வேண்டாம்.

முடியாத காரியத்தையும் நான் கேட்கவில்லை. பக்கத்தில் கேரளத்தில் அகத்தியர்கூடம் இருக்கிறது. அதுவும் சாமி மலைதான், அதுவும் வருடத்தில் சில வாரங்கள்தான். நாளுக்கு நூறு பேர் அளவில், முன்பதிவு செய்தவர்களை மட்டும் விடுகிறார்கள். நூறு பேர் கணக்கு இங்கே நடக்காது என்று எனக்கும் தெரியும். சரி, பெரிய கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஃபூஜி மலையையும் கோயிலைப் போலத்தான் கும்பிடுகிறார்கள். இரவு முழுக்கத் தூங்காமல், போதிய உடுப்பும் இல்லாமல், சூரிய உதயத்துக்காக ஒரே மூச்சில் ஏறுகிறவர்களால் அங்கேயும் தொல்லை. 2024-இல் அங்கே யோஷிடா என்ற ஏறு பாதையில் ஒரு நாளைக்கு 4,000 பேர் என்று வரம்பு வைத்து, மாலை 4 மணிக்குக் கதவை மூடிவிட்டார்கள். அதற்குமேல், வழியில் உள்ள குடிலில் தங்க முன்பதிவு செய்தவருக்குத்தான் அனுமதி. மலையை மூடவில்லை, பக்தியைத் தடுக்கவில்லை. கதவு ஒன்று வைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரிலும் கதவு வைத்த அனுபவம் இருக்கிறது. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் நாற்பது மலைப் பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவும், கூடவே வர வழிகாட்டியும் என்று அரசே திட்டம் தொடங்கியது. அப்படியானால் எண்ணி அனுப்பும் வித்தை நமக்குத் தெரியாதது இல்லை. விபூதிப் பையோடு வருகிறவனுக்கு மட்டும் அது பொருந்தாதா? சாமி பார்த்துக்கொள்வார் என்று நாம் எல்லோரும் சேர்ந்து சாமி தலையில் கட்டிவிட்டோமா?

ஏறுகிற நம் ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் பஸ் ஏறி, தூங்காமல் வந்து இறங்கி, அடிவாரத்துக்கு முன்னால் இருக்கும் செம்மேட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, நேரே முதல் மலையின் செங்குத்துப் படியில் கால் வைக்கிறார்கள். ஆறாவது மலையில் வியர்த்து ஊற்றும் உடம்போடு ஆண்டிச் சுனையில் முங்குகிறார்கள். குளிருக்கு ஒரு துண்டுகூட இல்லை. வெளிச்சத்துக்கு போன் டார்ச், அதுவும் நாலாவது மலையில் சார்ஜ் தீர்ந்துவிடும். ஒரு கையில் போன், ஒரு கையில் தடி, வழுக்குப்பாறையில் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். ஒரு செட் தம்பிகள் எவ்வளவு சீக்கிரம் இறங்கினோம் என்று ரீல்ஸ் போட ஓடியே இறங்குகிறார்கள். அவர்கள் காலில் பட்டு உருளும் கல் யார் தலையில் விழும் என்ற நினைப்பே இல்லை. இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு என் மச்சான், பையில் பிரஷர் மாத்திரையை வைத்துக்கொண்டே, "இது நமக்கில்லீங் மாப்ள" என்றார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லிவிட்டேன், அது தனிக் கதை.

பேருந்தில் முண்டுகிறோம், ரேஷன் கடையில் முண்டுகிறோம், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவன் முதுகுக்குப் பின்னாலேயே இலைக்காக நிற்கிறோம். மலைக்குப் போனால் மட்டும் திருந்திவிடுவோமா என்ன? ஒரு உயிர் போனால் இரண்டு நாள் பேச்சு, மூன்றாம் நாள் அடுத்த வாரம் யார் யார் வருகிறீர்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் கணக்கெடுப்பு. அந்தக் கணக்கை மட்டும் சரியாக எடுக்கிறோம்.

மன்னியுங்கள், எங்கேயோ போய்விட்டேன். அன்றைக்கு எங்களுக்கு வழி விடாதவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஸ்பீக்கர் தம்பியைப் பார்த்தீர்களே. ஒதுங்க இடமிருந்திருந்தால் எல்லோரும் ஒதுங்கியிருப்பார்கள். ஒரு படியில் மூன்று பேர் நிற்கும் இடத்தில் அறிவுரை எழுதிய பலகை எதையும் செய்யாது.

அதனால் திரும்பவும் பணிவோடு கேட்கிறேன். அரை மணிக்கு இத்தனை பேர் என்று வைத்து அனுப்புங்கள். எத்தனை பேர் என்பதை மலை தெரிந்த உங்கள் களப் பணியாளர்களையும் டோலி தூக்குகிறவர்களையும் கேட்டால் சரியாகச் சொல்வார்கள், என்னைவிடவும் உங்களைவிடவும். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவே டோலி இறங்கும் அளவுக்காவது பாதை காலியாக இருக்கட்டும். பௌர்ணமி இரவில் நேரத்துக்கு ஒரு கதவு வையுங்கள். மூங்கில் தடி விற்கும் இடத்திலேயே தலையில் மாட்டும் டார்ச்சையும் வாடகைக்கு விடலாம், பாட்டிலுக்கு வாங்குவது போல முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மூன்றாவது மலையிலோ நாலாவது மலையிலோ பருவம் முடியும் வரை ஒரு முதலுதவி ஆளும் ஆக்ஸிஜனும் இருந்தால் பெரிய உபகாரம். இதில் எதுவுமே இப்போதைக்கு முடியாது என்றால், முதலாவதை மட்டுமாவது செய்யுங்கள். எண்ணி அனுப்புங்கள்.

உங்கள் பணியாளர்கள் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அன்று டோலியோடு வந்த நான்கு பேரில் ஒருவருக்குக் கால் நகம் பெயர்ந்திருந்தது. கட்டுப் போட்டுவிட்டுப் போங்கள் என்றதற்கு, "இன்னொரு கூப்பாடு வந்திருக்குதுங்க" என்று திரும்ப மேலே ஏறினார். அவருக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அடுத்த பருவம் தொடங்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் ஒரு முடிவு எடுத்து அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சீட்டு வாங்கித்தான் ஏற வேண்டும் என்றால் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். இந்த வருடம் இடமில்லை, போய்விட்டு வாருங்கள் என்றாலும் அடிவாரக் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இப்படிக்கு,
மலைக்கு வரும் ஒருவன், கோவை

பி.கு.: அன்றைய அவசரத்தில் என் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். காட்டில் போடவில்லை, ஸ்டிக்கரோடு வீட்டில் இருக்கிறது. உங்கள் கணக்கில் ஒன்று குறைந்தால் அது என்னுடையதுதான்.