பழைய கட்டடம் காக்கும் வேலைக்கு வருவோருக்கு

ஆசிரியருக்கு,

சிவில் டிப்ளமோ, பி.ஆர்க். முடித்துவிட்டுப் பழைய கோயில், அரண்மனை, கோட்டைகளைப் பராமரிக்கும் வேலைக்கு வர நினைக்கும் நம் குமரி மாவட்டப் பிள்ளைகள், எந்த இடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. வட்டக்கோட்டையும் சிதறால் மலைக்கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையிடம் உள்ளன. சுசீந்திரம், திருவட்டாறு கோயில்கள் அறநிலையத் துறையைச் சேர்ந்தவை.

படிக்க மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. மரபுக் கட்டடக்கலைக்கும் சுவரோவியத்துக்கும் கேரளத்தின் ஆரன்முளை வாஸ்துவித்யா குருகுலம் போகலாம். ஆனால் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரைச் சாரத்தில் ஏற்ற எந்த மூத்தாசாரியும் யோசிப்பார்.

அளவெடுக்கப் பழகுங்கள். 30 மீட்டர் டேப்பை ஒரு மூலையில் பிடித்து, கதவு, ஜன்னல், தூண் எல்லாவற்றையும் அதே புள்ளியிலிருந்து தொடர்ச்சியாகக் குறிக்க வேண்டும். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் பிழையும் சேர்ந்து கூடும். பழைய அறைகள் சரியான சதுரமாக இருப்பது அபூர்வம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்காவிட்டால், தாளில் வரையும்போது அறையின் கோடுகள் ஒன்றோடொன்று சேரவே சேராது. விரிசல் கண்டவுடன் அடைக்கக் கூடாது. குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்போது அடித்தளத்தையும் தண்ணீர் போகும் வழியையும் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பு தெரியாமல் இந்தத் தொழில் இல்லை. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் வாரக்கணக்கில் புளிக்கவிட வேண்டும். பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்பது பொதுவான கணக்கு. கடுக்காய், வெல்லம் ஊறிய நீரை அளவோடு சேர்ப்பார்கள். வெல்லம் கூடினால் பூச்சு இறுகத் தாமதமாகும். ஒரு பூச்சு 10, 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெடிக்கும். ஈரச்சாக்கு போட்டுக் காக்காவிட்டாலும் அதே கதிதான். நமக்கு இரண்டு மழைக்காலம் என்பதால், மழை ஓய்ந்த தை, மாசியில் வெளிப்பூச்சை வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பாடெல்லாம் எதற்கு, சிமெண்ட் அடித்தால் ஒரே நாளில் முடியுமே என்பவர்கள் உண்டு. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் செங்கல் வழியாக வெளியேறும்போது உப்பு படிகமாகி, செங்கல்லின் முகத்தைப் பொடிப் பொடியாக உதிர்க்கும். செங்கல்களுக்கு நடுவே உள்ள சிமெண்ட் கோடு மட்டும் கம்பீரமாக நிற்கும். கடற்காற்றடிக்கும் ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். கல்தூணில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதும் இதே ரகம்தான். அழுக்கோடு கல்வெட்டின் எழுத்தும் போய்விடும்.

அறநிலையத் துறைக்கு ஒரு வேண்டுகோள். மாவட்டத்தில் திருப்பணி தொடங்கும் ஒவ்வொரு கோயிலிலும், வேலைக்கு முந்தைய அளவெடுப்புக்கும் படப்பதிவுக்கும் உள்ளூர் மாணவர் இருவரை உதவித்தொகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடங்களின் ஒரு பிரதி கோயில் அலுவலகத்திலேயே இருக்கட்டும்.

மரபுக் கட்டடப் பணியாளர்கள்,
தக்கலை.