ஐப்பசி பிறப்பதற்குள்

அன்புத் தம்பி செந்திலுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் நலம். நீ, கவிதா, பாப்பா மூவரும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் "சரி அம்மா, சரி அம்மா" என்று பாப்பாவிடம் கொடுத்துவிடுகிறாய். மூன்று வாரமாக அப்படித்தான். காகிதமாக இருந்தால் வீட்டில் எங்காவது கிடக்கும், என்றாவது ஒருநாள் முழுதாகப் படிப்பாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

சரஸ்வதி பூஜைப் படம் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாப்பாவின் புத்தகங்களை அழகாக அடுக்கியிருந்தாய். வண்டிச் சாவிக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தாய். கவிதாவின் கழுத்தில் புது மஞ்சள் கயிறு பளிச்சென்று தெரிந்தது. சங்கிலி பட்டறைக்குப் போயிருக்கும் போலிருக்கிறது. சரி, எழுத வந்ததை எழுதுகிறேன்.

ஐப்பசி பிறக்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. இங்கே மேற்கே மின்ன ஆரம்பித்துவிட்டது. நீ இருப்பது முடிச்சூர். 2015-இல் அந்த இடம் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்து நானும் அப்பாவும் வாயடைத்துப் போனோம். அப்படியிருந்தும் வாடகை குறைவு என்று அங்கேயே கீழ்த்தளத்தில் வீடு பிடித்தாய். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், கட்டில் முழுகப் பார்த்துக்கொண்டு நின்றாயே, அது மறந்திருக்காது. பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி வீட்டுக்காரர் வீட்டில் இரண்டு இரவு இருந்தீர்கள். வேறு வீடு பார் என்று அன்றைக்கே சொன்னேன். இப்போது சொல்ல மாட்டேன். முன்பணம் புரட்டி வீடு மாற்ற எல்லாக் காலமும் தோதாக இருக்காது என்று எனக்கும் தெரியும். அதனால் அந்த வீட்டிலேயே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

அரிசி வாங்கி வை. மூன்று பேருக்கு மாதம் 15 கிலோ போதும், இரண்டு மாதத்துக்கு வை. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைத்தால் வண்டு வராது. புதிதாக வாங்குவதைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் எடுக்க வேண்டும். சத்துணவுக் கூடத்தில் 27 வருஷம் இருப்புப் பதிவேடு எழுதியவள் சொல்கிறேன், இந்த ஒரு வழக்கம் தப்பினால் அரிசி மூட்டை மூட்டையாகப் புழுத்துப் போகும். அவல், பொரிகடலை, வெல்லம், புளி, உப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி. அடுப்பு மூட்ட முடியாத நாளில் அவல்தான் கை கொடுக்கும். தண்ணீர் விட்டுப் பிசைந்து வெல்லம் போட்டால் பாப்பா சாப்பிட்டுவிடுவாள். எல்லாவற்றையும் பரணில் வை. தரையில் எதையும் வைக்காதே. பரணில் வை.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று கணக்கிட்டு ஐந்து நாளுக்குத் தண்ணீர் பிடித்து வை. தெருவில் வெள்ளம் ஏறிவிட்டால் தரைத்தொட்டித் தண்ணீரைத் தொடாதே, சாக்கடை கலந்திருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று தெரிந்த உடனே, கால் நனைவதற்கு முன்பே, மெயின் சுவிட்சை அணைத்துவிடு. வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பிப் பார்க்காதே, தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் கொடு. தண்ணீர் போன இன்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்துவிட்டால் காப்பீட்டிலும் பணம் கொடுக்க மறுத்துவிடுவார்களாம். மாவட்ட அவசர எண் 1077, மாநிலத்துக்கு 1070. சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி வை. ரேஷன் கார்டு, ஆதார், உன் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிப் பரணில் வை. நகைச் சீட்டு ஏதாவது இருந்தால் அதையும் அதோடு வை.

கையில் சில்லறை நோட்டாக ஒரு மூவாயிரமாவது இருக்கட்டும், பத்தும் இருபதும் ஐம்பதுமாக. கஜா புயல் அடித்த பிறகு நம் தெருவுக்கு 23 நாள் மின்சாரம் இல்லை. டவர் இல்லை, போன் இல்லை, பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை. வங்கியில் பணம் வைத்திருந்தவர்களும் பால் வாங்கக் கடன் சொன்னார்கள். கைப்பேசியைக் காட்டிக் காய்கறி வாங்கிப் பழகிய உனக்கு இதைச் சொன்னால் புரியுமோ புரியாதோ, சில்லறை வைத்துக்கொள்.

அப்பாயி 1952 புயலையும் பார்த்தவர், 1977 புயலையும் பார்த்தவர். புரட்டாசி முடிவதற்குள் உப்புப் பானையும் புளிப் பானையும் நிறைந்திருக்கிறதா என்று கைவிட்டுப் பார்ப்பார். கருவாட்டை உறியில் கட்டச் சொல்வார். கொல்லையில் ஈர விறகு கிடந்தால் எனக்குத் திட்டு விழும். வந்த புதிதில் எனக்கு அழுகை வரும். கஜாவுக்கு மறுநாள் ஓடு பறந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் காய்ந்த விறகால்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

அந்த இரவைப் பற்றி உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நானும் அப்பாவும் நெல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். மரம் ஒடிகிற சத்தம் வரும்போதெல்லாம் அப்பா எண்ணினார். எழுபது வரைக்கும் எண்ணினார், பிறகு நிறுத்திவிட்டார். விடிந்து போய்ப் பார்த்தால் 210 தென்னையில் 38 நின்றது. பேராவூரணிப் பக்கம் எந்தத் தோப்பிலும் அதே கதிதான். விழுந்த மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசாங்கம் கொடுத்தது. முப்பது வருஷத்து மரம். அப்பா அந்தப் பணத்தை எண்ணாமலே என்னிடம் கொடுத்தார்.

அப்போது நீ மாதம் எட்டாயிரம் தவறாமல் அனுப்பினாய். தோப்பில் இப்போது நிற்கிற கன்றுகள் உன் பணத்தில் வைத்தவை. ஏழு வருஷம் ஆகிறது, காய்க்கத் தொடங்கிவிட்டன. இந்த வருஷம் தேங்காய் விலையும் நன்றாக இருக்கிறது. "என் மகன் வைத்த மரம்" என்று அப்பா வியாபாரியிடம் சொல்வதை என் காதால் கேட்டேன். உன்னிடம் சொல்ல மாட்டார். வருஷா வருஷம் பூஜைப் படத்தில் உன் அலுவலகக் கம்ப்யூட்டர் நடுவில் இருக்கும், அதற்குத்தான் பெரிய பொட்டு. நான் அந்தப் படத்தைத் தெரு முழுக்கக் காட்டுவேன். இந்த வருஷம் படத்தில் இடம் போதவில்லை போலிருக்கிறது. நான் யாரிடமும் காட்டவில்லை.

மருத்துவக் காப்பீடு அலுவலகம் கொடுத்தது இருக்கிறது என்று மட்டும் நம்பி இருக்காதே. அது வேலையோடு வருவது, வேலையோடு போவது. நீயே தனியாக ஒன்று எடுத்துக்கொள். கடன் அட்டையில் தவணை சேர விடாதே. மாதம் மூன்றரைக்கு மேலும் வட்டி போடுகிறார்கள் என்கிறார்கள், நம் ஊர் வட்டிக்காரரே மூன்றுதான் வாங்கினார். நகையை வைத்தால் வங்கியில் வை, வட்டியை மட்டுமாவது கட்டிக்கொண்டு வா. சரோஜா அக்காளின் மகன் தனியாரிடம் வைத்துவிட்டு, வந்த கடிதங்களைப் பிரிக்காமலே மேசையில் போட்டிருக்கிறான். ஏலம் போன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அக்காள் என் மடியில் விழுந்து அழுதாள். நகை போனதற்கு அழவில்லை. "பெற்றவளிடம் சொல்லக்கூடாத அளவுக்கு நான் என்ன செய்தேன்?" என்று கேட்டு அழுதாள்.

அரிசியைப் பரணில் வைக்க மறக்காதே.

எழுதிக்கொண்டே வந்ததில் இங்கே நின்றுவிட்டேன். உனக்கு இத்தனை சொல்கிற நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது போலிருக்கிறது.

உன் அத்தை மகள் கல்யாணத்துக்குச் சீர் செய்யப் பணம் இல்லாமல் அப்பா தவித்தது நினைவிருக்கிறதா? "உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?" என்று அவர் என்னைக் கேட்டார். ஒரு ரூபாய் இல்லை என்றேன். மிளகாய் வற்றல் டப்பாவுக்கு அடியில் என் சிறுவாட்டுப் பணம் இருந்தது. 64 நோட்டு, எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. 32,000 ரூபாய். வெள்ளம், புயல், நோய் என்று வந்தால் வேண்டும் என்று பத்து வருஷம் சேர்த்தது. கெட்ட எண்ணத்தில் மறைக்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பொய் சொன்னேன். அவர் வெளியே கடன் வாங்கிச் சீர் செய்தார்.

2016 நவம்பர் 8 இரவு அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். டிசம்பர் 30 வரை வங்கியில் கட்டலாம் என்றார்கள். ஐம்பது நாள் இருந்தது, தம்பி. கட்டினால் கணக்குப் புத்தகத்தில் வரும், அப்பா பார்ப்பார், அன்று சொன்னது பொய் என்று தெரியும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். ஒருநாள் பையில் போட்டுக்கொண்டு வங்கிவரைக்கும் போனேன். வரிசையில் உன் மாமா நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். கெடு முடிந்துவிட்டது.

அந்தப் போகிக்கு நீ வந்திருந்தாய். விடியற்காலையில் பழைய பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து தீயில் போட்டேன். பாய்க்குள் அந்த 64 நோட்டும் இருந்தது. சரியாகப் பிடிக்கவில்லை என்று நீதான் குச்சியால் கிளறிவிட்டாய். புகை கண்ணில் பட்டது என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கஜா. எந்த நாளுக்கு என்று சேர்த்தேனோ அந்த நாள் வந்தபோது டப்பாவில் மிளகாய்தான் இருந்தது. அப்பா 40,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கி ஓடு போட்டார். அந்தக் கடனை அடைக்கத்தான் லட்சுமியைக் கன்றோடு விற்றோம். மாடு போகும்போது அவர் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவர் அடித்துவிடுவார், திட்டிவிடுவார் என்ற பயம் இல்லை. என்னைப் பற்றி அவர் வைத்திருக்கிற எண்ணம் குறைந்துவிடுமே என்பதுதான். அதற்காக 32,000 ரூபாயையும் ஒரு மாட்டையும் கொடுத்தேன்.

இதை உனக்கு எழுதிவிட்டு அவருக்குச் சொல்லாமல் இருப்பது முறை இல்லை. இன்று இரவு சாப்பாடு ஆனதும் படித்துக் காட்டப் போகிறேன். மீதியை நாளை எழுதுகிறேன்.

காலையில் எழுதுகிறேன். படித்துக் காட்டினேன். எத்தனை நோட்டு என்று மட்டும் திரும்பவும் கேட்டார். 64 என்றேன். எழுந்து மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். வெகு நேரம் வரவில்லை. நான் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். வந்து படுத்தவர், இருட்டில், "படத்தில் அந்தப் பிள்ளை கழுத்தை நானும் பார்த்தேன்" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. விடிந்ததும் டவுனுக்குப் போய் இரண்டு டிக்கெட் எடுத்து வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் தாம்பரத்தில் இறங்குகிறோம். அரிசி ஒரு மூட்டை, அவல், தேங்காய் இருபது, புளி கொண்டுவருகிறோம். தேங்காய் விற்ற பணத்தையும் அப்பா இடுப்பில் கட்டிக்கொண்டு வருகிறார். பரணைத் துடைத்து வை. செவ்வாய்க்கிழமை வேலை நாள்தான். உன்னால் வர முடிந்தால் ஸ்டேஷனுக்கு நீயே வா.

அம்மா