கேமராவுக்கு இரங்கல் எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கேமராக்களின் எதிர்காலம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கையில் செல்போன் இருக்கும்போது தனியாகக் கேமரா தேவையில்லை, இன்னும் ஐந்து வருடத்தில் அதை அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். பிலிம் காலத்திலிருந்து ஸ்டுடியோ நடத்திப் பிழைப்பவன் நான். மனசு பொறுக்காமல் எழுதுகிறேன்.

விற்பனை சரிந்தது உண்மைதான். ஜப்பானியக் கம்பெனிகள் 2010இல் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023இல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சரிவில் பெரும்பகுதி சட்டைப்பையில் போடும் சின்னக் கேமராக்கள். அந்த வேலையைப் போன் எடுத்துக்கொண்டது, சரி. 2024இல் எண்ணிக்கை மறுபடி ஏறியதையும், அதே சின்னக் கேமராக்களை இளம் பிள்ளைகள் தேடி வாங்குவதையும் கட்டுரை ஏன் சொல்லவில்லை? 1975இல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்டது. அது எங்கே போய் நிற்கும் என்று பெற்றெடுத்த கம்பெனிக்கே தெரியவில்லை. 2012இல் திவால் மனு கொடுத்தார்கள். உங்கள் கட்டுரையாளர் மட்டும் ஐந்து வருடம் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்?

போனில் 200 மெகாபிக்சல், அதாவது ஒரு படத்தில் 20 கோடிப் புள்ளி என்று வியந்திருந்தார். படம் பிடிப்பது புள்ளிகளின் எண்ணிக்கை அல்ல, வெளிச்சம். வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லுதான் சென்சார். பழைய பிலிம் அளவுக்கே சென்சார் வைத்த ஃபுல் ஃப்ரேம் கேமராவில் அது 36க்கு 24 மில்லிமீட்டர். போன்களில் வரும் மிகப் பெரிய சென்சாரே பரப்பளவில் அதில் ஏழில் ஒரு பங்குதான் தேறும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, இல்லாததைக் கணக்குப் போட்டு நிரப்புகிறது. ஒரு கம்பெனியின் போன் மங்கலான நிலாவுக்குத் தானாகவே பள்ளங்களைச் சேர்க்கிறது என்று 2023இல் எழுந்த சர்ச்சை தாங்கள் அறியாததல்ல.

நிலா போகட்டும். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் காலமானார். மாலை போட்டு மாட்டப் படம் வேண்டும் என்று மகன் போனோடு வந்தார். அதில் படத்துக்குக் குறைவில்லை. பெரிதாக்கினால் நெற்றிச் சுருக்கம் இல்லை, கன்னத்து அம்மைத் தழும்பு இல்லை; போன் முகத்தைச் சாணம் போட்டு மெழுகியதுபோல் வழித்துவிட்டிருந்தது. "இது எங்க வீட்டுக்காரர் மாதிரி இல்லையே தம்பி" என்று அந்த அம்மா அழுதுவிட்டார். பேத்தி கல்யாணத்துக்கு நான் எடுத்த படங்கள் பழைய ஹார்டு டிஸ்கில் கிடந்தன. பந்தியில் உட்கார்ந்து சிரிக்கும் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். தழும்போடு இருந்தார். அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டியது என்று நீங்கள் எழுதிய பொருள்தான் அந்த முகத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது.

கேமராவின் எதிர்காலத்தைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது, ஐயா. மண்டபங்களில் இப்போது எல்லாம் எல்.இ.டி. விளக்கு. சத்தமில்லாத ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வரும் கோளாறு இது. மொத்தச் சென்சாரையும் ஒரே சமயத்தில் படிக்கும் குளோபல் ஷட்டரை ஃபுல் ஃப்ரேமில் சோனி 2023இல் கொண்டுவந்துவிட்டது. விலைதான் எங்கள் கைக்கு எட்டவில்லை. அதே வருடம் லைக்கா, இந்தப் படம் எந்தக் கேமராவில் எப்போது எடுத்தது, பிறகு என்ன மாற்றினார்கள் என்ற விவரத்தைப் படத்தோடு முத்திரையிட்டு வைக்கும் கேமராவை வெளியிட்டது. பொய்ப் படங்கள் குவியும் காலத்தில் ஒரு பத்திரிகைக்கு இதைவிட முக்கியமான செய்தி எது? அதற்கு ஒரு வரிகூட இல்லை.

பிலிம் போனபோதும் இப்படித்தான் எங்களுக்கு முடிவு எழுதினார்கள். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிமில் தொழில் பழகியவர்கள் எங்கள் மூத்தவர்கள். அந்தத் தொழிற்சாலை நலிந்து மூடியபோது யாரும் எங்களைக் கேட்கவில்லை. கடன் வாங்கி டிஜிட்டலுக்கு வந்தோம். அப்புறம் உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமரா, இப்போது அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ். பாடி மாறினால் லென்ஸும் மாற்று என்கிறார்கள். ஷட்டர் போனது என்று சர்வீஸுக்கு அனுப்பினால், மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு "பார்ட்ஸ் வருவதில்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். புதிதாக வாங்கினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தாலி கட்டும் நேரத்தில் முன்னால் பத்து போன் நீளும். மறைக்கிறது என்றால், "நாங்களும்தானே எடுக்கிறோம்" என்கிறார்கள். ஆல்பத்தில் தாலி முடிச்சு தெரியவில்லை என்று பிறகு சண்டைக்கு வருவதும் அவர்களேதான்.

தங்கள் இதழ்மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு வெயிலில் மொட்டை மாடியில் காத்திருந்து நான் எடுத்த படம், முன்பொருமுறை தங்கள் இதழில் 'படம்: இணையம்' என்று வந்தது. கடிதம் எழுதினேன், பதில் இல்லை. இணையம் வெயிலில் நிற்காது என்பது தங்களுக்குத் தெரியும். நான் பணம் கேட்கவில்லை. இனி படத்துக்குக் கீழே எடுத்தவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பெயர் போடுங்கள். கம்ப்யூட்டர் உருவாக்கிய படமானால் அப்படியே குறிப்பிடுங்கள். அடுத்த முறை கேமரா பற்றி எழுதும்போது, அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரையாவது கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
ஸ்டுடியோ உரிமையாளர்,
விருதுநகர் மாவட்டம்.