அண்ணரின் முகநோவு பற்றி, சிவத்துக்கு

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் சிவம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் படத்தை மனோ சாமி அறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். இங்கே கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நல்ல காய்ப்பு. வவுனியாப் பக்கம் யாராவது வந்தால் ஒரு பெட்டி கொடுத்துவிடுகிறேன். மற்றக் கதைகளைப் பிறகு எழுதுகிறேன். நீ கடைசிப் பக்கத்தில் அண்ணரைப் பற்றி எழுதியதை வாசித்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது.

அக்கி காய்ந்து இவ்வளவு மாதமாகியும் நெற்றி எரிகிறதென்றால், மனோ பட்ட அதே வருத்தம்தான். கொப்புளம் போட்டு 3 மாதம் கடந்தும் நோவு நின்றால் அதை வைத்தியர்கள் தனி வருத்தமாகவே எடுக்கிறார்கள். 60 வயது தாண்டியவர்களுக்கும், கண்ணைச் சுற்றி அக்கி போட்டவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. "வெளியிலை ஒண்டும் தெரியேல்லை, பிறகென்ன நோவு?" என்று கேட்கிற ஆட்கள் அங்கேயும் இருப்பார்கள். அந்தக் கதையைக் கேட்டு அண்ணர் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாது.

போன வருஷம் சோளகம் தொடங்கியபோது மனோவால் விறாந்தையில் இருக்க முடியவில்லை. காற்றுப் பட்டாலே இடப்பக்க நெற்றி பற்றி எரியும். எந்த வெக்கைக்கும் விசிறி போட முடியாது. நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் போனவள் திருநீற்றை வாங்கிக் கழுத்தில் பூசிக்கொண்டு வந்தாள். அன்றுதான் எனக்கு நெஞ்சு உடைந்தது. ஆனால் அதே இடத்தை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தால் அவ்வளவு நோகாது என்பாள். மெல்லத் தொட்டால் உயிர் போகும், அழுத்தினால் தாங்கும். நரம்பு பழுதுபட்டுப் பிழையான செய்தி அனுப்புவதால் வருகிற குழப்பம் அது.

சின்ன வயதில் கொப்புளிப்பான் வந்து வேப்பிலையில் படுத்தோமே, அந்தக் கிருமி அன்றைக்கே உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்புக் கணுக்களுக்குள் பல வருஷம் பதுங்கிக் கிடக்கும். அதுதான் முதுமையில் அக்கியாக எழும்புகிறது. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறு நகரத்துக் குடும்ப வைத்தியர் ஹோப்-சிம்சன், தன்னிடம் வந்த நோயாளிகளை 16 வருஷம் குறித்து வைத்துப் பார்த்து, இந்த விளக்கத்தை 1965இல் எழுதினார். ஒரு கிளினிக்கும் ஒரு கொப்பியும் வைத்துக்கொண்டு செய்த வேலை! அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

முகத்து உணர்ச்சி நரம்பின் கணு, காதுக்கு முன்னால், மண்டையோட்டின் அடியில் இருக்கிறது. அதிலிருந்து நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒரு கிளை, கன்னத்துக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று. முகத்தில் அக்கி வந்தால் பெரும்பாலும் மாட்டுவது முதல் கிளைதான். மூக்கு நுனியிலும் கொப்புளம் போட்டதென்று எழுதியிருக்கிறாய். அப்படிப் போட்டால் கண்ணும் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்புக் கூட. ஆகவே நோவு குறைந்தாலும் கண் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள்.

இனி நீ கேட்ட கேள்வி. நரம்பைச் சுட்டுவிட்டால் நோவு போய்விடும் என்று அண்ணருக்கு யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். சிவம், இதிலே அவசரப்படவேண்டாம். மின்சாரம் அடித்ததுபோல் வெட்டி வெட்டி வந்து போகிற முகநரம்பு நோவு வேறு. அதற்கு 60 பாகைக்கு மேல் சூடாக்கி நரம்பைச் சுடுகிற சிகிச்சை இருக்கிறது, பலருக்குச் சுகமும் வருகிறது. அக்கி நோவில் நரம்பு ஏற்கெனவே பழுதுபட்டுக் கிடக்கிறது. அதை மேலும் சுட்டால் முகம் விறைத்துப்போய், விறைப்புக்குள்ளேயே நோவு இன்னும் கூடலாம். முதல் கிளையென்றால் கண்ணின் கருவிழி உணர்ச்சி கெட்டு, தூசி விழுந்தாலும் தெரியாமல் புண்ணாகும் ஆபத்தும் உண்டு.

மனோவுக்குச் செய்தது சுடாத முறை. பல்ஸ்ட் றேடியோ பிறீகுவென்சி என்பார்கள். நரம்புக்குப் பக்கத்தில் ஊசியை வைத்து, றேடியோ அலை மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுப்பதால் ஊசி முனைச் சூடு 42 பாகைக்கு மேல் போகாது. நரம்பை அழிப்பதற்கல்ல, அது அனுப்புகிற நோவைத் தணிப்பதற்கு. நெதர்லாந்து வைத்தியர் ஸ்லைட்டரும் கூட இருந்தவர்களும் 1998இல் எழுதிய பிறகு பரவிய முறை இது.

கொழும்பில் நோவுக்கென்றே இருக்கிற வைத்தியர் ஒருவர்தான் பார்த்தார். முதலில் புருவத்துக்கு மேல் விறைப்பு ஊசி ஒன்று போட்டுப் பார்த்தார். நெற்றி சில மணித்தியாலம் அடங்கியது, கண்ணோரம் அடங்கவில்லை. அதனால் கணுவுக்கே போகலாம் என்றார். வாய் மூலைக்குச் சற்று வெளியே, கன்னத்தால் ஊசி இறங்கும். மண்டையோட்டின் அடியில் ஒரு சென்ரிமீற்றரும் வராத நீள்வட்டத் துளை இருக்கிறது. எக்ஸ்றே படத்தைப் பார்த்துப் பார்த்து அதற்குள்ளால் கொண்டுபோகிறார்கள். வெட்டு இல்லை, தையல் இல்லை. ஊசி போகும்போது கொஞ்ச நேரம் மயக்கி, பிறகு எழுப்பி விடுகிறார்கள், ஏனென்றால் அடுத்ததற்கு நோயாளிதான் பதில் சொல்லவேண்டும். மெல்லிய மின்துடிப்பை அனுப்பி "எங்கே கூசுகிறது?" என்று கேட்டாராம். "தாடையில்" என்றிருக்கிறாள். ஊசியைச் சற்று நகர்த்தி மறுபடி கேட்க, "புருவத்தில், நோகிற அதே இடத்தில்" என்றாளாம். அதன் பிறகுதான் சிகிச்சை அலையைத் தொடங்கினார்கள்.

கன்னம் கொஞ்சம் வீங்கிக் கண்டியது. சாப்பிடும்போது தாடை சோர்ந்தது, பிறகு சரியாகிவிட்டது. நோவு உடனே போகவில்லை. அந்தக் கிழமை முழுக்க மனோ அழுதாள். பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் போய்விட்டது. இரவில் நித்திரை கொள்கிறாள். எல்லாருக்கும் இப்படிப் பலன் வரும் என்றில்லை, வந்தாலும் மாதங்கள் கழித்துத் திரும்பலாம், அப்போது மறுபடி செய்யலாம் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். காலம் போகப் போகப் பலன் குறையலாம் என்றும் சொன்னார். அதனால் அடுத்த வருஷம் பார்ப்போம் என்று அண்ணர் தள்ளிப்போட வேண்டாம்.

குளிசைகளை ஒழுங்காகப் போட்டுப் பார்த்த பிறகுதான் ஊசி என்பதும் சரிதான். கபபென்டின், பிரிகபலின், அமிட்ரிப்டிலின் எல்லாம் மெல்ல மெல்லக் கூட்டவேண்டியவை. இரண்டு நாள் போட்டுவிட்டுப் பலனில்லை என்று எறியக்கூடாது, நினைத்தபடி திடீரென்று நிறுத்தவும் கூடாது. மனோவுக்கு அவை தலைச்சுற்றைக் கொடுத்தன, இரவில் எழும்பும்போது கையைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். அண்ணருக்கு வயது கூட, கவனம்.

அவர் இதயத்துக்கு மருந்து எடுக்கிறவர் அல்லவா? இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுத்தால் ஊசிக்கு முன்பே டொக்டரிடம் சொல்லவேண்டும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அண்ணரின் மருந்துத் துண்டுகள் எல்லாவற்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. மனோவைப் பார்த்த டொக்டரிடம் அடுத்த முறை போகும்போது காட்டிக் கேட்கிறேன்.

உனக்கும் வயது குறைவில்லை. 50 தாண்டியவர்களுக்கு அக்கி வராமல் தடுக்க, 2 முதல் 6 மாத இடைவெளியில் 2 தரம் போடுகிற தடுப்பூசி இருக்கிறது. அண்ணரின் நோவை அது மாற்றாது, ஆனால் உனக்கு அது வராமல் தடுக்க உதவும். உன் டொக்டரிடம் கேட்டுப்பார்.

கொழும்புக்குப் போவதென்று முடிவெடுத்தால் தேதியைச் சொல்லு, நானும் வவுனியாவில் உங்களோடு ஏறுகிறேன். அண்ணருக்குப் பக்கத்தில் இருந்து கதைக்க, இதைப் பார்த்த ஆள் ஒருவர் இருந்தால் நல்லது.

அன்புடன்,
குமார்