அவர்களுக்குத் தெரிந்திருந்தது

கும்பகோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் ஹிட்லர் வருவதற்கு முந்தின வியன்னாவைப் பற்றிப் பேசும்போது, "அந்தக் காலத்து ஜனங்களுக்கு என்ன வரப்போகுதுன்னு தெரிஞ்சிருக்காதும்மா" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் உன் டிராம் வந்துவிட்டது. நாலு நாளாக அது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை.

போன மே மாதம் நான் வியன்னாவில் உன்னோடு இருந்தபோது, நீ வேலைக்குக் கிளம்பியதும் யூ4 ரயில் பிடித்து ஹைலிகன்ஷ்டாட் வரை போய்விட்டு வருவேனே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கார்ல் மார்க்ஸ் ஹோஃப். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரே குடியிருப்பு, 1382 வீடுகள். 1930-இல் திறந்தார்கள். முதல் உலகப் போரில் தோற்று, சாம்ராஜ்யம் சிதறி, சாப்பாட்டுக்கே வழியில்லாமல் கிடந்த ஊர் அது. அந்த ஊரின் நகரசபை வசதியானவர்களிடம் அதிகமாக வரி வாங்கி, தொழிலாளிகளுக்கு 60,000-க்கும் மேல் வீடு கட்டியது. அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவற்றின் சுவரில் சிவப்பு எழுத்தில், "வீட்டுவசதி வரிப் பணத்தில் வியன்னா நகராட்சி கட்டியது" என்று எழுதியிருக்கும். நீதான் எனக்கு ஒன்றைப் படித்துச் சொன்னாய்.

1934 பிப்ரவரியில் அந்தக் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மேல் சொந்த நாட்டு ராணுவமே பீரங்கியால் சுட்டது. உள்ளே குடும்பங்கள் இருந்தன. முந்தின வருஷம் மார்ச்சிலேயே ஆஸ்திரியப் பிரதமர் டோல்ஃபுஸ் நாடாளுமன்றத்தை முடக்கியாயிற்று. ஹிட்லர் அங்கே வந்து சேர இன்னும் நாலு வருஷம் இருந்தது. அதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது, பாப்பா. தெரியாமல் எப்படி இருந்திருக்கும்?

நீ வாங்கிக் கொடுத்த எழுத்தாளர் எலியாஸ் கனெட்டியின் தன்வரலாற்றில் 1927 ஜூலை 15 வருகிற இடத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். அந்த வருஷம் ஜனவரியில் ஷாட்டன்டார்ஃப் என்ற கிராமத்தில் வலதுசாரிக் கும்பல் ஒன்று தொழிலாளர் கட்சி ஊர்வலத்தின் மேல் சுட்டதில், போரில் ஊனமான ஒருவரும் ஒரு சின்னப் பையனும் செத்துப்போனார்கள். ஜூலையில் சுட்ட மூன்று பேருக்கும் விடுதலை. நியாயமான தீர்ப்பு என்று ஒரு பத்திரிகை கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டது. கனெட்டிக்கு அப்போது 21 வயது, வேதியியல் மாணவர். காபிக் கடையில் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் போகிறார். தொழிலாளிகள் எல்லாத் திசையிலிருந்தும் நீதி மாளிகைக்கு வருகிறார்கள். மாளிகை எரிகிறது, போலீஸ் சுடுகிறது. 80-க்கும் மேற்பட்டவர்கள் அன்று செத்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் தெருவில் ஒரு மனிதர் கையை விரித்துக்கொண்டு, கோப்பெல்லாம் எரிகிறதே, அத்தனை கோப்பும் போகிறதே என்று புலம்பிக்கொண்டு நிற்கிறார். மனிதர்கள் எரிவதைவிட அது மேல் என்கிறார் கனெட்டி. அந்த ஆள் காதில் அது விழவேயில்லை.

முதல் தடவை படித்தபோது என் மனசு அந்தக் கோப்புக்காரர் பக்கம்தான் போனது. முப்பது வருஷம் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் இருந்தவள் நான். ஒரு அடங்கல் கட்டு மழையில் நனைந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன், உனக்கே தெரியும். ஒரு காகிதம் போனால் ஒரு குடும்பத்தின் நிலமே போய்விடும். அவர் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாலு அடி தள்ளி ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்க்காமல் நின்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பார்த்தவர்களும் இருந்தார்கள். கார்ல் கிரவுஸ் என்று ஒருவர், ஒரு பத்திரிகையைத் தனி ஆளாகவே எழுதி நடத்தியவர். எந்தக் கட்சியிலும் இல்லை. அந்தச் செப்டம்பரில் வியன்னா சுவர்களில் தன் பெயரிலேயே போஸ்டர் ஒட்டினார்: போலீஸ் தலைவர் ஷோபர் பதவி விலக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஷோபர் விலகவில்லை, இரண்டே வருஷத்தில் நாட்டின் பிரதமரே ஆனார். அதே கிரவுஸ் 1934-இல், ஹிட்லரைத் தடுக்க இவர்தான் ஒரே வழி என்று நம்பி டோல்ஃபுஸ் பக்கம் சாய்ந்தார். எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனாலும் அந்தப் போஸ்டரை யாராலும் இல்லையென்று ஆக்கிவிட முடியாது.

அதற்கும் முன்னால், 1922-லேயே, ஹூகோ பெட்டாவர் ஒரு நாவல் எழுதினார். வியன்னாவிலிருந்து யூதர்களை எல்லாம் ரயிலேற்றி அனுப்பிவிடுகிறார்கள், ஊர் வாடிப்போகிறது, கடைசியில் திரும்பி வரச் சொல்லிக் கேட்கிறார்கள் என்பது கதை. 1925 மார்ச்சில் ஒரு நாஜி இளைஞன் அவர் அலுவலகத்துக்கே வந்து சுட்டான். சில நாளில் அவர் இறந்துபோனார். சுட்டவனை மனநோயாளி என்று சொல்லி மனநல மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார்கள், இரண்டு வருஷத்துக்குள் அவன் வெளியே வந்துவிட்டான்.

சரி, நான் உண்மையில் சொல்ல வந்தது யூரா ஸோய்ஃபரைப் பற்றி. உன்னைவிடச் சின்னப் பையன். 50 பேருக்குக் குறைவாக உட்காரும் அரங்கென்றால் உரிமம் வேண்டாம் என்பதால், வியன்னாவில் காபிக் கடைகளின் நிலவறைகளில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்கு எழுதியவன் அவன். 1936-இல் உலகம் அழியப்போவதைப் பற்றி ஒரு நாடகம். வால்நட்சத்திரம் ஒன்று பூமியை மோத வருகிறது. ஜனங்களோ அதை வைத்தும் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறார்கள். கடைசியில் வால்நட்சத்திரம் பூமியின் மேல் பிரியம் வந்து விலகிப் போய்விடுகிறது. 23 வயசில் இப்படி முடிக்கத் தோன்றியிருக்கிறது அவனுக்கு!

1938 மார்ச் 12-இல் ஜெர்மன் படை உள்ளே வந்தது. மறுநாள் பனிச்சறுக்குக் கட்டைகளோடு சுவிஸ் எல்லையைத் தாண்டப் பார்த்தவனைப் பிடித்துவிட்டார்கள். நாஜிகளின் டாகவ் வதைமுகாமில் ஹெர்பர்ட் ஸிப்பர் என்ற இசைக்காரரும் அவனும் சேர்ந்து ஒரே வண்டியை இழுத்தார்கள். உழைப்பு விடுதலை தரும் என்று எழுதியிருந்த வாசல் வழியாக. அந்த வாசகத்தையே பல்லவியாக்கி அவன் பாட்டு எழுத, ஸிப்பர் மனசுக்குள்ளேயே மெட்டுப் போட்டார். காகிதத்தில் இல்லை, மற்றவர்கள் வாய்ப்பாடமாகத்தான் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் புஹன்வால்டு என்ற இன்னொரு முகாமுக்கு மாற்றினார்கள். 1939 பிப்ரவரி 16-இல் டைஃபஸ் காய்ச்சலில் போய்விட்டான். 26 வயசு. அவனை விடுவிக்கச் சொல்லி உத்தரவு ஏற்கெனவே ஆகியிருந்தது. அப்பா அம்மா அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறேன். உத்தரவு ஆகியும் கைக்கு வராத காகிதங்களை நானும் நிறையப் பார்த்தவள். அந்தத் தாய் எத்தனை நாள் தபாலுக்குக் காத்திருந்தாளோ.

பாப்பா, உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். கார்ல் மார்க்ஸ் ஹோஃபில் பழைய துணி துவைக்கும் கூடத்தின் மாடியில் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. நான் போன அன்று மூடியிருந்தது. ஒரு நாள் நேரம் பார்த்துப் போய், ஜெர்மனில் எழுதியிருப்பதை எனக்கு நிதானமாகப் படித்துச் சொல். வாசலில் நின்று போன் போடு, எந்த நேரமானாலும் எடுக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா