இந்தப் பொய்க்காலைத் திருத்த ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் சந்தியில் சைக்கிள் திருத்தும் அண்ணை 1991இல் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போனவர். 18 வருஷம் களத்தில்தான். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இடது காலை இழந்தார். போருக்குப் பின் முன்னாள் போராளிகளுக்கு அரசு கொடுத்த புனர்வாழ்வு முடிந்து வந்தபிறகு கிடைத்த பொய்க்காலில் இப்போது வெடிப்பு விழுந்துவிட்டது. பழைய பெனியனைச் சுற்றிக்கொண்டுதான் நிற்கிறார். வெயில் ஏறினால் துணியில் இரத்தம் கசியும். கேட்டால், "ஒண்டுமில்லை தம்பி" என்பார்.

ஊனமுற்ற இராணுவத்தினருக்கு ஓய்வூதியம் உண்டு. சரி, அது கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் புனர்வாழ்வு பெற்று வந்த ஏறத்தாழ 12,000 பேருக்கு அப்படியொன்று இல்லையே! கால் திருத்தப் பட்டணம் போனால் அன்றைய உழைப்புப் போய்விடும். மாதம் ஒருநாளாவது எங்கள் கிராமங்களுக்கே வந்து திருத்திக் கொடுக்க அதிகாரிகள் ஒழுங்கு செய்யவேண்டும்.

- வாசகர், புதுக்குடியிருப்பு